இரும்பு மனிதனின் தும்மலும் மச்சானின் முழங்காலும்

ஆம்பூர்,
ஆங்கீரச வருஷம், மாசி மாதம்,
வியாழக்கிழமை.

பள்ளிகொண்டா வெல்ல மண்டியில் கணக்குப் பார்த்து, தராசு முள்ளைப் போல ஒரு பக்கமும் சாயாமல் நிற்கிற மகா கனம் பொருந்திய மச்சான் மார்க்கபந்து அவர்களுக்கு, உங்கள் தங்கை கோவிந்தம்மாளைக் கட்டிக்கொண்ட பச்சையப்பன் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், உங்கள் தங்கையும், மகள் பூங்காவனமும், வண்டி மாடுகள் இரண்டும் கடவுள் புண்ணியத்தில் சுகம். அவ்விடம் உங்கள் சுகத்துக்கும், முக்கியமாக முழங்காலுக்குக் கீழே உள்ள சுகத்துக்கும் உடனே எழுதித் தெரிவிக்கவும்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். வெள்ளிக்கிழமை பயாஸ்கோப்புக் கொட்டகையில், திரையில் தெரிந்த இரும்பு மனிதன் தும்மினபோது தும்மினது நான். நான் தோல் ஷாப்புக்குப் போடுகிற ஆவாரம்பட்டையை வாங்கப் பேரணாம்பட்டுக்குப் போயிருக்கிறேன் என்று உங்கள் தங்கை சொன்னது பொய், அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான். திரைக்குப் பின்னால் மணலில் சம்மணம் போட்டு, மூக்கில் ஒரு சிட்டிகை பொடியோடு, நீங்கள் கனைத்தால் கேட்கிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் மச்சான், அதற்கு மேல் நடந்தது எதுவும் கிண்டல் இல்லை. உங்கள் மகன் எத்திராஜுக்கு என் மகளைப் பேசி முடிக்க வந்த நீங்கள், மறுநாள் காலை முதல் ரயிலில், காப்பியும் குடிக்காமல், தாம்பூலத் தட்டையும் தொடாமல், "கோமாளி வூட்ல பொண்ணு எடுக்க மாட்டேன்" என்று ஸ்டேஷனில் நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் கிண்டல்காரன்தான். என் கல்யாணத்தில் உங்கள் தலைப்பாகைக்குள் வெட்டுக்கிளி இருந்ததற்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு. அதற்காகப் பொண்ணின் வாழ்க்கையை வைத்து விளையாடுகிறவன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பாலாற்று மணலில் கொட்டகை போட்டு ஊமைப் படம் காட்டுகிற அமீர் பாஷா என் தோஸ்த் என்பது உங்களுக்குத் தெரியும். வேலூருக்குப் பேசும் படம் வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே பேஜார். தரை டிக்கெட்டுக்காரன்கூட, "இன்னா பாய், உன் படத்துல ஆளு வாய மட்டும் அசைக்கிறான், பல்லு வலியா?" என்று கேட்கிறான். கொட்டகையைப் பிரித்துவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு படம் வந்து சேர்ந்தது. அதில் ஆளே கிடையாது, எல்லாம் யாரோ வெள்ளைக்காரன் கோடு கோடாக வரைந்து ஓடவிட்டது. ஒரு கிழவன் பட்டறையில் இரும்பாலே ஆட்கள் செய்கிறான். சாவி கொடுத்தால் அதுகள் நடக்கும், ஆணி தின்னும், தும்மும், பட்டறை மணி அடித்தால் வரிசையாக எழுந்து வேலைக்குப் போகும். பாஷா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பச்சையப்பா, மனுசன் பேசறத நாம பின்னாலேர்ந்து பேசுனா உதட்டுக்கு ஒட்டாது. இரும்புக்கு இன்னா உதடு? நீ எப்படிக் கத்துனாலும் அது சரிதான்" என்றார். தர்க்கம் எனக்கும் சரியாகப் பட்டது.

அன்றைக்கே உங்கள் தங்கையின் சமையல்கட்டு கொட்டகைக்குக் குடிபோனது. இரும்பு மனிதன் நடப்பதற்குக் கருங்கல்லின் மேல் இரண்டு வாணலி, சாவி கொடுப்பதற்கு மரச்சீப்பை முறத்தின் விளிம்பில் இழுப்பது, ஆணி தின்பதற்கு ஆட்டுக்கல்லில் ஒரு பிடி ஜல்லி, தும்மலுக்கு என் சொந்த மூக்கு, கூடவே தகரத்தின் மேல் ஒரு பிடி ஆணி, முழங்கால் மடங்குவதற்குக் காய்ந்த வெள்ளாட்டுத் தோலை முறுக்கினால் போதும், ஆனால் பனி பெய்த நாளில் தோல் ஊமையாகிவிடும், அதனால் ஆட்டத்துக்கு முன்னால் அதை அடுப்பில் வாட்ட வேண்டும், வாட்டினால் தெரு நாய்கள் எல்லாம் திரைக்குப் பின்னால் வந்து என்னோடு உட்கார்ந்து படம் பார்க்கும். உங்கள் தங்கை சோற்றையும் குழம்பையும் மிச்சம் இருந்த ஒரே சட்டியில் மாற்றி மாற்றி ஆக்கினாள். "ஒரு தகரப் பயலுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பாத்திரம்? என் கல்யாணத்துக்கு எங்க அண்ணன் இத்தினி குடுக்கலியே!" என்றாள். இதைச் சொன்னது அவள், நான் இல்லை.

அந்த நேரத்தில்தான் நீங்கள் வருவதாகக் கடிதம் வந்தது. "அண்ணன் வந்துட்டுப் போற வரைக்கும் மனுசனா இருங்க. கிண்டல் கிடையாது, கூத்து கிடையாது" என்று உங்கள் தங்கை சாமி விளக்கை ஏற்றிவைத்துச் சத்தியம் வாங்கினாள். நீங்கள் வந்ததோ வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு விடுமுறை, கொட்டகை நிரம்புகிற நாள் அது ஒன்றுதான், நான் போகாவிட்டால் பாஷாவின் இரும்பு மனிதன் ஊமை. நீங்கள் வீட்டில் இருந்தால் என்னைத் தேடுவீர்கள். ஆம்பூரில் நீங்கள் என்னைத் தேடாத ஒரே இடம் நான் இருக்கிற இடம்தான் என்று கணக்குப் போட்டு, உங்களுக்குப் பெஞ்சு டிக்கெட்டு வாங்கி வைத்தேன். தப்புக் கணக்கு, ஆனால் மரியாதைக் குறைவு இல்லை. பெஞ்சில் முதுகு சாய்க்கப் பலகை உண்டு.

இனி எழுதப்போவதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். முதல் தும்மலுக்கு யாரோ ஒருவர் பின்வரிசையிலிருந்து சிரித்தார். கதவுக் கீல் துருப்பிடித்தாற்போல ஒரு சிரிப்பு, பழக்கமில்லாத சிரிப்பு. திரை ஓரத்தில் எட்டிப் பார்த்தால், நீங்கள். உங்களை நான் மாப்பிள்ளையாக வந்த காலத்திலிருந்து பார்க்கிறேன், பல் எத்தனை என்று எனக்குத் தெரியாது. மச்சான், என் மனசு என்னவோ செய்தது. இரும்பு மனிதன் வாயை மூடிக்கொண்டு சும்மா நடந்துபோகிற இடத்திலும் இன்னொரு தரம் தும்மினேன். அதற்கும் நீங்கள் சிரித்தீர்கள். பாஷா மிஷின் பக்கத்திலிருந்து ஓடிவந்து, "இன்னாபா, அவனுக்குச் சளி ஜாஸ்தியாயிடுச்சா?" என்று காதைக் கடித்தார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கை நீண்டது. பட்டறை மணிக்கு வழக்கமாக நான் அடிப்பது உங்கள் தங்கையின் தாம்பாளம். நீங்கள் வந்திருக்கிற நாளில் தாம்பாளம் போதாது என்று, கொட்டகைக்கு எதிரே இருக்கிற தோல் ஷாப்பின் வாசலில் தொங்குகிற தண்டவாளத் துண்டைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தேன். காவல்காரர் அப்துல் வஹீதைக் கேட்டுத்தான் எடுத்தேன். கேட்டபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த இரும்பின் சங்கதி உங்களுக்குத் தெரியாது. ஷாப்பு ஆட்களுக்கு அதுதான் வேலை மணி, முதல் அடிக்கு எழுந்துவிட வேண்டும், இரண்டாம் அடிக்குள் வாசலுக்குள் இருக்க வேண்டும், பிந்தினவனுக்கு அரை நாள் கூலி போச்சு.

நான் அடித்தேன். திரையில் இரும்பு மனிதர்கள் எழுந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் தரை டிக்கெட்டு மொத்தமும் எழுந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பீடியை மிதித்தார்கள், துண்டை இடுப்பில் கட்டினார்கள். படத்தில் மணி இரண்டாம் தரமும் அடிக்கும், பழக்க தோஷத்தில் நானும் அடித்துவிட்டேன். அவ்வளவுதான், ஓட்டம். வெளியே போகிற வழி பெஞ்சு வரிசையை ஒட்டித்தான் இருக்கிறது. உங்கள் ஜரிகை அங்கவஸ்திரம் கூட்டத்துக்கு மேலே மிதந்துபோவதைத் திரை இடுக்கில் பார்த்தேன். சுத்தியலும் கையுமாகப் பின்னாலேயே ஓடிவந்தேன்.

வஹீத் பாய் விழித்துக்கொண்டு ஷாப்புக் கதவை அகலத் திறந்து வைத்திருந்தார். அப்புறம் கேட்டதற்கு, "மணி அடிச்சா கதவத் தொறக்கறது என் வேலை. மணி எங்கேர்ந்து அடிக்குதுன்னு பாக்கறது என் வேலை இல்லே" என்றார். உள்ளே அரை இருட்டில் ஆட்கள் அவரவர் இடத்தில் போய் நின்றார்கள். தோல் சுரண்டுகிற தானியேல் தன் பலகைக்கு முன்னால் நின்று கத்திக்காகக் கையை நீட்டினான். கை அப்படியே நின்றது. "இன்னாடா, இன்னிக்கி வெள்ளிக்கிழமை இல்லே?" என்று மெதுவாகக் கேட்டான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. நான் சிரிக்காமல் இருந்த நேரம் கம்மி என்பதால் இதைக் குறிப்பாக எழுதுகிறேன்.

அங்கே தனக்கென்று இடம் இல்லாதவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் எல்லாரும் நின்ற பிறகும் நீங்கள் மட்டும் நேரே நடந்தீர்கள். ஆவாரம்பட்டைத் தண்ணீர்த் தொட்டி நேரே இருந்தது. தோலைச் சிவக்க வைக்கிற தண்ணீர் அது. அதில் ஊறியது நான் கொண்டுவந்து போட்ட பட்டை, நல்ல பட்டை. முழங்கால் அளவோடு நின்றது உங்கள் முன்னோர் செய்த புண்ணியம். தூக்கிவிடக் கை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து மூக்கில் மிச்சம் இருந்த பொடி வேலை செய்துவிட்டது. இரும்பு மனிதனின் தும்மல், அச்சு அசலாக, உங்கள் முகத்துக்கு நேரே. நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள், சுத்தியலைப் பார்த்தீர்கள், எல்லாம் ஏற்பாடு என்று முடிவுகட்டினீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நீங்கள் ரயிலேறிய பிறகு பூங்காவனம் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "நீ இன்னா செஞ்சாலும் கடைசில என் தலையிலதான் வுழுது, நைனா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். பாத்திரங்களைக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். அந்தச் சத்தம் நான் திரைக்குப் பின்னால் போட்ட எந்தச் சத்தத்தையும்விடப் பெரிசாக இருந்தது.

ஆகையால் மச்சான், கீழே கண்டபடி நடந்துகொள்கிறேன் என்று உறுதியாக எழுதிக் கொடுக்கிறேன். தண்டவாளத் துண்டை அதன் இடத்தில் மாட்டிவிட்டேன். பாஷாவிடம் இனிக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அவர் கண் கலங்கியும் நான் இரங்கவில்லை. நீங்கள் போன நாளிலிருந்து யாரையும் கிண்டல் செய்யவில்லை, மாடுகளைக்கூட. உங்கள் கால் விஷயமாகத் தோல் ஷாப்பில் விசாரித்தேன். சாயம் தானாக மங்கிவிடும், பயம் வேண்டாம், எலுமிச்சம்பழம் தேய்க்கலாம் என்கிறார்கள். எண்ணெய் மட்டும் தேய்க்காதீர்கள். இங்கே சிவந்த தோலுக்கு அடுத்தபடியாகச் செய்வது அதுதான்.

என் மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெண் மேல் வைக்காதீர்கள். அவள் என்னைப் போல இல்லை, உங்கள் தங்கையைப் போல. அக்கா அவர்களுக்கு என் நமஸ்காரமும், எத்திராஜுக்கு என் ஆசீர்வாதமும், மண்டித் தராசுக்கு என் மரியாதையும். நல்ல வார்த்தையாக ஒரு வரி எழுதினால் போதும், தாம்பூலத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிகொண்டாவுக்கு நானே நடந்து வருகிறேன்.

இப்படிக்கு,
இனிமேல் அடக்கமாக இருக்கப்போகிற
பச்சையப்பன்.

பின்குறிப்பு: மேலே எழுதி மடித்து வைத்தது வியாழக்கிழமை. இது சனிக்கிழமை காலையில் எழுதுவது. மேலே கண்டதில் கொட்டகை சம்பந்தமான உறுதிமொழிகளை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். மண்டிக்குச் சாக்கு வாங்க வேலூர் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு வந்த எத்திராஜ், நேற்று மத்தியானம் இங்கே வந்து இறங்கினான். சம்பந்தம் வேண்டாம் என்று அப்பா சொன்னாரே என்று கேட்டேன். "அவுரு கோபமெல்லாம் முழங்காலுக்குக் கீழதான் மாமா. வூட்ல கதவச் சாத்திக்கினு எங்கம்மாவுக்கு அந்தத் தும்மலப் போட்டுக் காட்டுனாரு. ஆனா சரியா வர்ல. நீங்க காட்டுங்க, நான் போயி சொல்லித் தர்றேன்" என்றான். பூங்காவனம் உள்ளேயிருந்து சிரித்தாள். அப்புறம் நான் என்ன செய்ய முடியும்? நேற்று மாலை ஆட்டத்துக்குச் சீப்பும் முறமும் எத்திராஜ், மற்றதெல்லாம் நான், மணிக்குத் தாம்பாளம்தான். ஆட்டம் நன்றாக நடந்தது.

திரைக்குப் பின்னால் இருந்த உட்காரும் பலகை விரிசல் விட்டிருந்ததால், நேற்றுக் காலையில் அதைத் தோல் சீவல் காய்ச்சின வஜ்ஜிரப் பசையால் ஒட்டி வைத்திருந்தார்கள். காயவில்லை என்பது எத்திராஜுக்குத் தெரியாது, ஆட்டம் முடிகிற வரைக்கும் அதில்தான் உட்கார்ந்திருந்தான். வேட்டியும் மெலிசு, பசை வேட்டியோடு நிற்கவில்லை. பலகை பாஷாவுடையது என்பதால் அறுக்கவில்லை. எத்திராஜ் பலகையோடு கூடத்தில் குப்புறப் படுத்திருக்கிறான். உங்கள் தங்கை வெந்நீர் வைத்திருக்கிறாள்.