சாரனில் ஒட்டின என்ட பேர்

ஒருநாளுமில்லாத ரோசம் ஒண்டு எனக்கு எலெக்சன் வருசத்தில வந்து தொலைஞ்சது.

மருதமுனையில நாங்க இருக்கிற ஊடு என்ட பொண்சாதி ஜுனைதாட சீதனம். தறியும் சீதனம். வெளியால இருந்து வந்த சாமான் நான் ஒருத்தன்தான். அவள் இடுப்பில கட்டுற சாரன் நெய்வாள், நான் அக்கரைப்பற்றுச் சந்தைக்குச் சுமப்பன். அங்க எல்லாரும், "ஜுனைதா சாரன் இரிக்கா?" எண்டுதான் கேட்பாங்க. அப்ப சுமக்கிறவன் ஆரு, கழுதையா?

முடிவெடுத்தன். இனி ஒவ்வொரு சாரனிலயும் மசூர் எண்டு என்ட பேர்!

கல்முனை அச்சுக்கூடத்துக்கு ஓடினன். அப்துல் ஸமட் காக்கா முதல்ல காட்டினது பூவும் கொடியும் சுத்தின எழுத்து.

"இதில மசூர் எங்க காக்கா?"

"அந்தக் கொடிக்குப் பின்னால பாருங்க."

"ஒளிஞ்சிரிக்கிறதுக்குக் காசு குடுக்கணுமா? ஊட்டில சும்மாவே அதத்தானே செய்யிறன்!"

பிறகு எலெக்சன் நோட்டீசுக்கு வாங்கின புது எழுத்தைக் காட்டினார். பூவில்ல, வாலில்ல, கொண்டையில்ல. எல்லாம் ஒரே தடிப்பு. தொழுகைக்கு வரிசையா ஸப்புக் கட்டினமாதிரி நேரா நிண்டுது. 'மசூர் சாரன்' எண்டு ஒட்டுற கடதாசித் துண்டு கட்டுக்கட்டா அடிச்செடுத்தன்.

ஜுனைதா ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தாள். நான் கதவடிக்குத் தள்ளி நிண்டன்.

"நல்லா விளங்குது."

"கோவமில்லையா புள்ள?"

"என்ன கோவம்? நானே ஒட்டிறன். நீங்க போய்ப் பசையக் கிண்டுங்க."

சந்தையில மூட்டைய அவிழ்த்தா, பாதிச் சாரனிலதான் பேர் இருந்திச்சு. பசை போதாமப் போயிருக்கும் எண்டு நினைச்சன்.

கடைக்கார றவூப் காக்கா வந்தார். மாடு எதிர்ல வந்தாலும் ஸலாம் சொல்லுற பார்வை அவருக்கு. அந்த மனுசன் தூரத்தில நிண்டே, "மசூர் சாரன்!" எண்டு வாசிச்சார். அல்ஹம்துலில்லாஹ்! எழுத்தெண்டா இதுதான் எழுத்து!

"அதை அங்கால வைங்க. பேர் ஒட்டாததைத் தாங்க."

"ஏன் காக்கா?"

"பேர் ஒட்டினது குறைச் சாமான், அரை விலை எண்டு உங்கட பொண்சாதி சந்தைக்கே சொல்லி அனுப்பியிருக்காவே. உங்களுக்குத் தெரியாதா?"

ஒண்டை விரிச்சுப் பார்த்தன். கரை கோணல், இழை அறுவல். நடுவில என்ட பேர்.

பத்திக்கொண்டு ஊட்டுக்கு வந்தன். அவள் தறியை நிப்பாட்டவேயில்ல.

"என்ட மானம் போச்சு புள்ள! நல்ல சாரனில ஒட்டினா என்ன?"

"நல்ல சாரனுக்கு எதுக்குப் பேர்? தொட்டாலே தெரியும். குறை உள்ளதுக்குத்தான் அடையாளம் வேணும். முந்தி கரியால புள்ளி வெச்சன், ஒருத்தருக்கும் விளங்கல்ல."

"அதுக்கு என்ட பேர்தானா கிடைச்சுது?"

"கொண்டு வந்து தந்தது நீங்கதானே? எழுத்து நல்ல எழுத்துத்தான். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் பெரிசா அடிச்சிட்டு வாங்க, தூரத்தில வாறவங்களும் தப்பிச்சிக்கட்டும்."