கண்ணீர் வராத வெங்காயம்

மருமகன் மிதுனுக்கு, பல்லடத்திலிருந்து உன் தாய்மாமன் சுப்பண்ணன் எழுதுவது. இங்கே தறி, மாடு, உன் அத்தை எல்லோரும் நலம். உன் நலத்தை இந்த ஒரு கடிதத்தில் மட்டும் விசாரிப்பதாக இல்லை.

சரவணம்பட்டியில் கந்தக வேதியியல் ஆராய்ச்சி செய்கிறவனாயிற்றே என்றுதான் என் மகள் பிரவீனா கல்யாணத்தில் சமையல்கூடத்தை உன் பொறுப்பில் விட்டேன். "மாமா, வெங்காயத்தை அறுத்தா அதுல இருக்கற நொதி கந்தகச் சேர்மத்தை உடைச்சு சல்பீனிக் அமிலமாக்குதுங்க. ரெண்டாவது நொதி அந்த அமிலத்தோட அணுக்களை இடம் மாத்திக் கண்ணீர் வாயுவாக்குதுங்க. முழுசா கொதிதண்ணியில போட்டா நொதி செத்துப்போகுமுங்க" என்றாய். ஒன்றும் புரியாமலே தலையாட்டினேன், அது என் குற்றம். நாற்பது கிலோ சின்ன வெங்காயத்தையும் கொதிக்கப் போட்டது உன் குற்றம். இரண்டாவது படியை நிறுத்தப் போனவன் முதல் படியையும் சேர்த்துக் கொன்றுவிட்டாய், காரமும் மணமும் அந்த முதல் படியில்தான் பிறக்கிறது என்பதைப் பந்தி முடிந்த பிறகு சொல்கிறாய். "ஏனுங்க, பச்சடியில வெங்காயம் போட்டிருக்குதுங்களா?" என்று சம்பந்தி கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதையாவது பொறுத்துக்கொள்வேன். என் அப்பா செத்தபோதுகூட ஊர் முன்னால் அழாதவன் நான். பெண்ணை அனுப்பும்போது என்ன ஆகுமோ என்ற பயத்தில், மாலை விருந்துக்கு வெங்காயம் அறுக்கிற இடத்தில் போய் நின்றுகொண்டேன். பிரவீனா அங்கேயே தேடி வந்து, "வாரனுங்கப்பா" என்றாள். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம் கண்ணு" என்றேன். அறுத்துக்கொண்டிருந்த நஞ்சம்மாள் நிமிர்ந்து, "ஏனுங்கண்ணா, இந்த வெங்காயத்துக்கு எங்க ஆரு கண்ணுலயும் தண்ணி வரலீங்களே" என்றாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஒரு தகப்பன் ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடத்தையும் உன் படிப்பு பிடுங்கிக்கொண்டது.

இனி என் வீட்டு வாசற்படியை மிதிக்காதே. உன் ஆராய்ச்சி நல்லபடியாக முடியட்டும், அக்காவின் முழங்கால் வலி தீரட்டும்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத உன் மாமன்,
சுப்பண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் பிரவீனா போனில் பேசினாள். "அப்பா கல்லாட்டம் நின்னே அனுப்பிச்சுருவீங்களோன்னு பயந்துட்டே இருந்தனுங்க. நஞ்சம்மாக்கா சொன்னப்புறந்தானுங்க எனக்கு நிம்மதி" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவளும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்துவிட்டுச் சாயங்காலமே கிளம்புகிறார்களாம். நீ காலையிலேயே வந்துவிடு. வெங்காயம் அத்தனையையும் கொதிதண்ணீரில் போட்டுவிடு. பச்சடி சப்பென்று இருந்தால் இருக்கட்டும்.