கைநாட்டுக் காப்புச் சட்டம்

வெண்பாறை நாட்டில் ஆற்றைக் கடக்க ஒரே ஓடம்தான் இருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் பொன்னம்பலம். ஒரு மழைநாளில், காய்ச்சலில் நினைவிழந்த கணவனைத் தோளில் தாங்கியபடி மாசாணி என்ற பெண் துறைக்கு வந்தாள். வைத்தியர் அக்கரையில் இருந்தார்.

"மொதல்ல ஏத்துங்கய்யா, உசுரு போயிரும்."

"மொதல்ல கைநாட்டு வையி. அப்புறம் ஓடம்" என்று பொன்னம்பலம் ஓலையை நீட்டினார்.

வைத்தாள். கணவன் பிழைத்தான். ஊர் திரும்பியபோது, அந்த ஓலையின்படி, அவளும் கணவனுமாக வெட்டிய கிணறு பொன்னம்பலத்துக்குச் சொந்தமாகியிருந்தது. அதில் ஒரு குடம் நீர் எடுக்க, அவர் வயலில் ஒரு பகல் முழுக்க மாசாணி உழைக்க வேண்டியிருந்தது.

அவள் அரசவைக்குப் போய் முறையிட்டாள். நீதியமைச்சர் உருகிப்போனார்.

"எளியோரை நெருக்கி வாங்கும் ஒப்பந்தம் இனிச் செல்லாது!" என்று முரசறையச் செய்தார்.

ஆனால் நெருக்கியதை நெருக்கியவரே ஒப்புக்கொள்ள வேண்டும் என்றது சட்டம். பொன்னம்பலம் ஒப்புக்கொள்ளவில்லை.

மாசாணி மறுபடியும் போனாள். 'மனமுவந்தே வைக்கிறேன்' என்பதற்குத் தனியாக இன்னொரு கைநாட்டு கட்டாயம் என்று அமைச்சர் திருத்தம் கொண்டுவந்தார். அதன்பின் ஓடத்துறையில் எல்லோரும் இரண்டு முறை வைத்தார்கள்.

அவள் மீண்டும் வந்து நின்றபோது அமைச்சருக்கே சலித்துவிட்டது.

"எளியோருக்குத் தம் நன்மை தெரிவதில்லை. இனி அவர்களுக்காகக் காப்பாளர் ஒருவரே கைநாட்டு வைப்பார். உங்கள் ஊரில் ஒப்பந்தங்களில் அனுபவம் மிக்கவரை நியமித்திருக்கிறோம்."

"யாருங்கய்யா அது?"

"பொன்னம்பலம்."

மாசாணி அதன்பின் அரசவைக்குப் போகவில்லை.

மறு ஆண்டு, அரசரின் ஆட்சியை நீட்டிக்கக் குடிகளின் சம்மதம் வேண்டியிருந்தது. மைக்கிண்ணத்தோடு அதிகாரிகள் ஊருக்கு வந்தார்கள். கூடவே வேல்வீரர்களும் வந்தார்கள். வரிசையில் முதலாவதாக நின்ற மாசாணி விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"கையை நீட்டம்மா."

"மாட்டேன். ஒருக்கா நீட்டுனதுக்கே இன்னும் தண்ணிக்கு அலையுறேன்."

பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் விரல்களை மடக்கினார்கள். மற்ற ஊர்களுக்கும் செய்தி பரவியது. எங்கும் மை காய்ந்தது.

தலைநகரில் அமைச்சர் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். தம் நன்மை தெரியாதவர்கள் எளியோர். அரசரையே மறுத்த குடிகளுக்குத் தம் நன்மை தெரியவில்லை. எனவே அவர்கள் அனைவரும் எளியோர். அவர்களுடைய காப்பாளர் அரசர். அரசர் நாட்டு மக்கள் எல்லோருக்காகவும் தம் கட்டைவிரலை மையில் தோய்த்து ஓலையில் ஊன்றினார்.

குடிகளுக்கு நெருக்கடி ஏதும் தரப்பட்டதா என்று அமைச்சர் முறைப்படி அவரிடம் கேட்டார்.

அரசர் சற்று யோசித்துவிட்டு, இல்லை என்றார்.