இரண்டாவது கண்

ஓவியர்களில் எத்தனையோ வகை உண்டு. நான் சொல்லப்போவது, ஒரு முகத்தில் ஒரு கண்ணை மட்டும் அழகாக வரையத் தெரிந்தவர்களைப் பற்றி. ஒற்றைக்கண் ஓவியர் என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் கரையோரத்தில் கப்பல்துறை தொடங்கி நிலாவெளி வரை இந்த இனம் பரவியிருக்கிறது. பஸ்ஸில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் ரிக்கற்றின் பின்பக்கத்தில் ஏதோ படம் கீறிக்கொண்டு, நீங்கள் அதைப் பார்க்கிறீர்களா என்று இடைக்கிடை உங்களைப் பார்த்தால், சந்தேகமே வேண்டாம். அவரேதான்.

இவர் எப்படி உருவாகிறார்? ஒரு நாள் அனிமேயோ வீடியோ கேமோ ஏதோ ஒன்றைப் பார்க்கிறார். அதில் வரும் வீரனின் கூரான முடியும் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் பிரிசு அளவு கண்ணும் இவர் மனதைக் கொள்ளை கொள்கின்றன. பத்தே நிமிடத்தில் நீங்களும் வரையலாம் என்று யூடியூப்பில் யாரோ சத்தியம் செய்கிறார். அதை நம்பி ஒரு வட்டம் போட்டு, குறுக்கே ஒரு கோடும் நெடுக்கே ஒரு கோடும் இழுத்து, இடது பக்கத்தில் ஒரு கண் வைக்கிறார். அந்தக் கண் பிரமாதமாக வந்துவிடும். அதுதான் வினை. பக்கத்துக் கண் வராது. ஒருமுறை நெற்றிக்கு ஏறும், மறுமுறை கன்னத்துக்கு இறங்கும், மூன்றாம் முறை காதோடு போய் ஒட்டிக்கொள்ளும். அழிரப்பர் தேயும், தாள் ஓட்டையாகும். கடைசியில் ஒரு கொத்து முடியை இழுத்து அந்தக் கண்ணின் மேல் விட்டுவிடுவார். கேட்டுப் பாருங்கள், "அது அவன்ர ஸ்டைல்" என்பார்.

கை வரையத் தெரியாதா? கால்சட்டைப் பொக்கற்றுக்குள் போய்விடும். கால்? புல்லுக்குள். இவருடைய கொப்பியைப் புரட்டினால் உலகத்தைக் காக்கவேண்டிய வீரர்கள் அத்தனை பேரும் கையைப் பொக்கற்றில் விட்டுக்கொண்டு, ஒரே பக்கம் திரும்பி, வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல நிற்பார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அஞ்சலோ இந்த இனத்தின் சிறந்த மாதிரி. துறைமுகத்தடியில் படகு எஞ்சின் உதிரிப்பாகங்கள் விற்கும் கடையில் களஞ்சியப் பொறுப்பாளர். எட்டு மாதமாகக் கீறுகிறார். இருநூற்றுப் பன்னிரண்டு முகங்கள், இருநூற்றுப் பன்னிரண்டு கண்கள். எண்ணியவர் அவருடைய மனைவி ஞானமலர். சாப்பாட்டு மேசை முழுவதும் பென்சிலும் தாளுமாகிவிட்டதால், எட்டு மாதமாகச் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிடுகிறவருக்கு எண்ணும் உரிமைகூட இல்லையா?

இத்தனை காலத்தில் ஒருவரும் அஞ்சலோவிடம் "எனக்கு ஒரு படம் கீறித் தாருங்கோ" என்று கேட்டதில்லை. அந்த ஏக்கம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. அப்படிப்பட்டவரிடம், பங்குக் கோயில் இளைஞர் மன்றச் செயலாளர் சுதர்ஷிகா ஒரு நாள் வந்தார்.

"அண்ணா, சனிக்கிழமை கார்னிவலுக்கு ஆளுயரப் பலகையில ஒரு கேம் வீரன் கீறோணும். முகம் இருக்கிற இடத்தில ஓட்டை போடுவம். பிள்ளையள் பின்னால நிண்டு முகத்தை வைச்சுப் படம் எடுப்பினம். செய்வியளோ?"

"ஓம், ஓம்" என்றார் அஞ்சலோ.

உள்ளேயிருந்து ஞானமலர் வந்தார். "இது சரிவந்தா நீங்கள் ஓவியர். சரிவராட்டி மேசை எனக்கு. சரியோ?"

அதற்கும் ஓம் என்றார்.

இனி நடந்ததைக் கேளுங்கள். முகம் வேண்டாம், உடம்பு மட்டும் போதும் என்று கேட்கப்பட்ட மனிதர் பலகையை நிறுத்தி, முதலில் ஒரு வட்டம் போட்டார். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. வேறு எப்படித் தொடங்குவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை! நான்கு நாட்கள் அந்த முகத்திலேயே கிடந்தார். எனாமல் பெயின்றில் அப்படியொரு கண்ணை நான் எங்கும் கண்டதில்லை. உடம்பை வெள்ளிக்கிழமை அரை மணித்தியாலத்தில் முடித்தார்.

மாலையில் சுதர்ஷிகா வந்து பார்த்தார்.

"கை எங்கண்ணா?"

"பொக்கற்றுக்குள்ள."

"கால்?"

"கடலுக்குள்ள நிக்கிறான்."

"வாள் ஒண்டு வேணுமெண்டு பிள்ளையள் கேட்டவை."

"முதுகில இருக்கு. முன்னால தெரியாது."

ஓட்டை வெட்டுவதற்குக் கிண்ணியாவிலிருந்து தச்சர் ஜவ்பர் நானா மெசினோடு வந்திருந்தார். பலகையைச் சுற்றிவந்து பார்த்தார். "தம்பி, முகம் நல்லா வந்திருக்கே. இதையா வெட்டச் சொல்றீங்க?"

"நானா, கொஞ்சம் தள்ளி வெட்ட ஏலாதோ?"

"எங்க தள்ளி? வயித்திலயா?"

மெசின் சத்தம் போட்டது. வட்டப் பலகைத் துண்டு கீழே விழுமுன் அஞ்சலோ இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார். நான் சிரிக்கத்தான் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. எட்டு மாத உழைப்பு, பாவம், கையில் இருந்தது, மேசையும் போகப்போகிறது.

சனிக்கிழமை பின்னேரம் கோயில் வளவில் அந்தப் பலகைக்கு முன்னால் வரிசை வாசல் வரை போயிற்று. கை எங்கே, கால் எங்கே என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. ஓட்டைக்குள் முகத்தை வைத்தால் போதும், வீரம் தானாக வந்துவிட்டது. படம் எடுக்கும் வேலை அஞ்சலோவின் தலையில் விழுந்தது. போனைப் பிடித்து ஒவ்வொரு முகமாக எடுத்தார். பத்தாவது முகத்தில் ஒரு மாதிரி நிமிர்ந்தார். இருபதாவது முகத்தில் போனைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தார்.

"ஒருத்தருக்கும் ரெண்டு கண்ணும் ஒண்டுபோல இல்லை! ஒண்டு பெரிசு, ஒண்டு சின்னன். ஒண்டு மேல, ஒண்டு கீழ. நான் எட்டு மாசமா என்னத்துக்கு அழிச்சனான்?"

அதற்குள் ஞானமலர் தானும் போய் ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். அஞ்சலோ அவரை நெடுநேரம் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"இஞ்சேரும், உமக்கு இடது கண் கொஞ்சம் கீழ இருக்குது."

"கலியாணம் கட்டிப் பதினொரு வருசம். இப்பதான் கண்டனீங்களோ?"

ஞாயிறு பூசை முடிந்து வந்து, வெட்டியெடுத்த வட்டப் பலகையின் பின்பக்கத்தில் அஞ்சலோ ஞானமலரைக் கீறினார். இரண்டு கண்கள். இடது கண் கொஞ்சம் கீழே. முடி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அச்சாக ஞானமலரேதான்.

ஞானமலர் அதை வாங்கி, எட்டத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்ப் படியில் உட்கார்ந்து, மடியில் வைத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

"மேசையை நீங்களே வைச்சிருங்கோ. ஆனா எனக்கு மூக்கு எங்க?"

மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சின்னப் புள்ளிதான் இருந்தது. அஞ்சலோ இப்போது மூக்கோடு மல்லுக்கட்டுகிறார். பார்த்துக்கொண்டிருங்கள், இன்னும் எட்டு மாதத்தில் அவருடைய வீரர்கள் எல்லோரும் முகக்கவசம் போட்டிருப்பார்கள்.

நல்லவேளை, எனக்கு இந்தப் பைத்தியம் இல்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சந்தோசம். ஆனால் இதை வாசித்து முடித்ததும் மெதுவாக எழும்பி, வேறு அலுவலாகப் போவதுபோலக் கண்ணாடிக்கு முன்னால் போய், எந்தக் கண் கீழே என்று பார்க்கத்தான் போகிறீர்கள். தாராளமாகப் பாருங்கள். பென்சிலை மட்டும் கொண்டுபோகாதீர்கள். நான் நேற்று நிலாவெளி பஸ்ஸில் வரும்போது ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, ரிக்கற்றின் பின்பக்கத்தில் கீறிப் பார்த்துவிட்டேன். எனக்கு வலது கண். உங்களுக்கு எது?