புழுப் பண்டிதரும் ஒரு டப்பாவும்

வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிபவர்கள் பலர். அவர்களில் புழுப் பண்டிதர் தனி இனம். குடற்புழுவுக்கும் வயிறு, குடல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம், இன்னும் ஆராய வேண்டும் என்று எங்கோ படிப்பார். காப்பி ஆறுவதற்குள் அந்த 'இருக்கலாம்' 'இருக்கிறது' ஆகிவிடும். குளித்துவிட்டு வருவதற்குள் 'எனக்கு இருக்கிறது' என்று முற்றிவிடும்.

என் தங்கையின் கணவர் கலப்படமில்லாத ரகம். கீரையை ஏழு தண்ணீரில் அலசுவார், விருந்தாளியின் நகத்தைப் பார்த்த பிறகே 'வாங்க' என்பார், வீட்டிலுள்ளவர்களை வரிசையாக நிறுத்திப் புழு மாத்திரை கொடுத்து, விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, கடைசியில் பூனைக்கும் ஒன்று ஊட்டினார். பூனை துப்பியது.

இத்தனைக்கும் அவருக்குத்தான் இரண்டு மாதமாக மலத்தில் ரத்தம். டாக்டர் சோதனைக்கு ஒரு டப்பா கொடுத்தார். புழுவின் ஏழு தலைமுறையும் தெரிந்தவருக்கு அந்த மூடியைத் திறக்க மட்டும் தெரியவில்லை. தங்கை அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். ஒருவழியாக டப்பா போய்ச் சேர்ந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்திலிருந்து எனக்குப் போன். முப்பது வருடம் அதே ஆஸ்பத்திரியில் பெட்பேன் எடுத்தவள் நான். என்னிடம் எதையும் கேட்பார்கள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க மாப்பிள்ளை எலி சாப்பிடுவாரா?"

எலியைத் தின்னும் பூனையின் வயிற்றில் வளரும் புழுவின் முட்டையாம். கூடவே இரண்டு வெள்ளை முடி. மாப்பிள்ளைக்குத் தலையில் முடியே கிடையாது.

நேரே போய்க் கேட்டேன். தரையைப் பார்த்தார்.

"என்னோடதக் குடுத்து, நெஜமாவே ஏதாவது இருந்துட்டா, அக்கா?"

"குடுக்கலன்னா இல்லாமப் போயிடுமா? உள்ள போங்க."

புது டப்பாவைக் கையில் திணித்தேன். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு, பூனையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

புழு இல்லை. ரத்தம் இருந்தது. குழாய் விட்டுப் பார்த்தார்கள்: மூலம். வெறும் மூலம். இரண்டு மாதம் என் தங்கையின் தூக்கத்தைத் தின்ற புழு, பண்டிதரேதான். இப்போது மூலத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்திருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன மாதம் டாக்டர் உங்களுக்கு ஒரு சோதனை எழுதிக் கொடுத்தாரே, அந்தச் சீட்டு எங்கே? அலமாரியில் எதற்குப் பின்னால்? போய் எடுங்கள்.

பூனையை ஏன் கூப்பிடுகிறீர்கள்?