குன்னூரில் ஜில்லென்று இருந்த வண்டி

ராயபுரம்,
12.5.2005, வியாழன்

அன்புள்ள மச்சான் கஸ்பாருக்கு,

இன்னாசி எழுதுவது. நானும் உன் அக்கா எல்சியும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், பழைய பிக்கப் வண்டியை என் தலையில் கட்டிவிட்டு மலைமேல் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன குறை.

ஏசி ஜில்லென்று இருக்கும் என்று சொல்லித்தானே மார்ச் மாதம் விற்றாய்? குன்னூரில் நின்றால் அடுப்புகூட ஜில்லென்றுதான் இருக்கும். இரண்டு வாரம் நல்ல பிள்ளை மாதிரி நடித்தது, அப்புறம் ஆரம்பித்தது பார், சுடுகாற்று. கொருக்குப்பேட்டை மெக்கானிக் கேஸ் லீக் என்று கேஸ் அடித்தான், சூடு குறையவில்லை. சாத்தாங்காட்டில் ஒருவன் பெல்ட் லூஸ் என்று இறுக்கினான், சத்தம்தான் மாறியது. கடைசியில் தண்டையார்பேட்டை ஜாபர் பாயிடம் விட்டேன். நல்ல மனுஷன், மூன்று நாள் தலையை உடைத்துக்கொண்டார். குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், வேர்த்துக் கொட்டி ஐஸ் மாதிரி இருந்தது. "மிஷின் நல்லாத்தான் கீது நைனா, உள்ள வர்ற காத்து இன்னாத்துக்கு சுடுதுன்னு தெர்ல" என்றார்.

போன சனிக்கிழமை எண்ணூர் கோயில் கல்யாணத்துக்கு உன் அக்கா மூன்றடுக்குக் கேக் செய்தாள். மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கினால் வெள்ளை ஐசிங்கில் நிலக்கரித் தூள், ஏற்றினால் வேக்காடு. திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஒரு மணி நேரம் நின்றோம். ரோஜாப்பூ எல்லாம் வழிந்து, உச்சியில் நின்ற பொம்மை மாப்பிள்ளை முழங்கால்வரை புதைந்து, பெண் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தாள். பெண்ணின் அம்மா உன் அக்காவைப் பேசிய பேச்சை எழுத என் கை வராது. கேக் தொழிலில் பதினெட்டு வருஷப் பெயர் அவளுக்கு. நாளை மறுநாளும் எண்ணூருக்கே கேக் போகவேண்டும். "இதுவும் உருகிச்சுன்னா அடுப்ப அணைச்சிட்டு குன்னூர்ல தம்பி வூட்டுக்கே பூடுவேன்" என்கிறாள். அழுதுகொண்டே சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வந்து உன் வண்டியை எடுத்துக்கொண்டு போ.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் சகல நன்மையும் அருள்வாராக. உனக்கு வேண்டியதை நீயே கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
இன்னாசி

பி.கு.: ஞாயிறு காலை. தபாலில் போட மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை எல்சி வண்டியைத் துடைத்தபோது, வண்டி வாங்கிய இரண்டாம் வாரம், குருத்தோலை ஞாயிறு அன்று கோயிலில் வாங்கி வந்து நான் டேஷ்போர்டு இடுக்கில் அழுத்திச் செருகிய ஓலைச் சிலுவையை எடுத்தாள். அது ஒரு குமிழைச் சிவப்புப் பக்கம் தள்ளி இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஏசியோடு ஹீட்டரும் ஓடியிருக்கிறது. ஜாபர் பாயிடம் சண்டைக்குப் போனேன். "அந்த ஓலைய மொத நாளே பாத்தேன் நைனா. நீ சாமின்னு வெச்சிகீற, அதுல நான் எப்டி கைய வெக்கிறது?" என்றார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். நேற்றுக் கேக் ஓர் இதழ் குலையாமல் போய்ச் சேர்ந்தது. உன் அக்கா குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு வழியெல்லாம் உன்னைப் புகழ்ந்தாள். கடிதத்தைக் கிழித்திருப்பேன். ஆனால் ராயபுரத்துக்காரனுக்கு வண்டி விற்கும்போது அதில் ஹீட்டர் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாயா நீ? அதற்காகவே அனுப்புகிறேன்.