எரியும் வாயும் சிவப்பு விளக்கும்

அன்புள்ள மைத்துனருக்கு,

நீங்களும் பிள்ளைகளும் நலந்தானா என்று முதலில் கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இனி என் வாயைப் பற்றி.

நாலு மாதமாக எரிகிறது. பச்சைத் தண்ணீர் குடித்தாலும் கொதிக்கிற காபியைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது. பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வாய்ல ஒண்ணுமே இல்லை சார்" என்றார். உங்கள் அக்கா விடுவாளா? மூலிகை வைத்தியரிடம் இழுத்துப் போனாள். அவர் மிளகாய்த் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார், எரிகிற வாய்க்கு மிளகாய், கேட்டீர்களா, அது போதாதென்று அதிமதுரத்தை நாள் முழுக்க வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார், நானோ ஏலம் விடுகிறவன், வாய்தான் என் பிழைப்பு, அன்றைக்குப் பார்த்து ஒரு தேக்கு அலமாரி ஏலத்துக்கு வந்தது, "ஒரு தரம்" சொல்ல வராமல் தலையை ஆட்டினேன், அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பாதி விலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். முதலாளி இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அப்புறம் ஒளி வைத்தியம். வெள்ளிக்கிழமை தோறும் பல் ஆஸ்பத்திரியில் கறுப்புக் கண்ணாடி மாட்டி, வாயைப் பிளக்க வைத்து, பேனா மாதிரி ஒரு சிவப்பு விளக்கை நாக்கில் இடம் இடமாக வைக்கிறார்கள். பேசக் கூடாது, அசையக் கூடாது. பக்கத்து நாற்காலியில் உங்கள் அக்கா, அவளுக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி. என்னால் வாய் திறந்து பேச முடியாது என்று தெரிந்ததும் ஆரம்பித்தாள் பாருங்கள். நான் ஏலத்தில் எடுத்து வந்த பச்சை சோபா அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காதாம். என் குறட்டை, என் சட்டை, ஒன்றும் தப்பவில்லை. "நான் ஒண்ணு சொன்னா நீங்க அதுக்கு மேல ரெண்டு ஏத்துவீங்க. இப்பத்தான் ஏலம் என் கைல இருக்கு" என்கிறாள். விளக்குப் பிடித்த நர்ஸ் சிரித்ததில் வெளிச்சம் மூக்குக்குத் தாவியது. பதிலுக்கு எனக்கு வந்தது வெறும் "ஆ" தான்.

ஒரு மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்? நீங்கள் சொன்னால் கேட்பாள். வரும் வெள்ளிக்கிழமை கட்டாயம் வந்து, "வைத்தியம் போதும்க்கா" என்று ஒரு வார்த்தை சொல்லி என்னை மீட்டு விடுங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் எரியாத வாயோடு நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
வாயிருந்தும் ஊமையான உங்கள் அத்தான்

பி.கு.: இந்தக் கடிதம் மூன்று வாரமாகச் சட்டைப் பையிலேயே கிடந்துவிட்டது. நீங்கள் வர வேண்டாம். எரிச்சல் நின்றுவிட்டது, அக்காவிடம் மூச்சு விடாதீர்கள், தெரிந்தால் வைத்தியத்தை நிறுத்திவிடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை வெள்ளம் புரண்டு ஓடிய ஆற்றை அவள் நீந்திக் கடக்கப் போனாளாமே? இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. நடு ஆற்றில் கால் மரத்துப் போனது என்று சொல்லும்போது விளக்கை அணைத்துவிட்டார்கள், அவளும் கதையை அங்கேயே நிறுத்திவிட்டாள். என்ன ஆச்சு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை அவளே சொல்லட்டும்.